சீயத்து மண்ணிற் புதுமனை

சியங்மாய் நகரிலிருந்து தெற்கே லம்பூனுக்குச் செல்லும் பழைய வீதியின் இரு மருங்கிலும் வானளாவிய மரங்கள் நிரை நிரையாக நிற்கின்றன. 'யாங்' என்பது அவற்றின் பெயர். நம் நாட்டின் ஈரவலயக் காடுகளிற் சிங்கள மக்கள் 'ஹொர' என்று கூறும் மரமும் இவ்வினத்ததே. யாரும் வெட்டிவிடலாகாது என்பதற்காக ஒவ்வொரு மரத்தின் அடியிலும் பிக்குமாரின் காவித் துணியைச் சுற்றிக் கட்டியிருக்கின்றனர். துறவு பூண்ட மரத்தின் மேற் கோடரி வைக்க யாருக்குத் துணிவு வரும்? அவ்வீதியின் நடுவழியில் உள்ளது சாரபி என்னும் பகுதி. அங்கே 'லம்யாய்' என்னும் கனி தரும் தோட்டமொன்றின் ஓரத்தில் எமது புதுமனை அமைந்திருக்கின்றது.

நம் பாட்டன்மார் சீயம் என்று வழங்கிய நாடு 1939ஆம் ஆண்டிலே தாய்லாந்து எனப் பெயர் மாறியது. பாங்கொக்கிற் பல ஆண்டுகள் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றபின், அந்நகரின் நெரிசலும் வெக்கையும் போதும் என்று வடக்கே வந்தோம். வந்து வீடு கட்டினோம் என்று சொன்னால், ஊரிலுள்ள உறவினர் முதலிற் கேட்பது "காணி என்ன விலை?" என்பதே. காணி வாங்கவில்லை, வாங்கவும் முடியாது. 1954இல் இயற்றப்பட்ட தாய்லாந்துக் காணிச் சட்டத்தின்படி அந்நியர் சாதாரணமாக அந்நாட்டு நிலத்திற்கு உரிமையாளராதல் இயலாது. ஆனால் நிலத்தின் மேல் எழும் கட்டடம் அந்நியருக்கு உரியதாகலாம். நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கலாம். அதன் உச்ச காலம் 30 ஆண்டுகள். மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகையாயின் காணிக் கந்தோரிலே பதிவு செய்யவேண்டும். செய்யாவிடின் மூன்று ஆண்டுகளுக்கு அப்பால் அது செல்லாது. ஆகவே பலரும் இவ்வாறு செய்வதுபோலவே நாமும் செய்தோம். பக்கத்து வளவில் வாழும் முதிய அம்மையார் ஒருவரின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, கட்டட அனுமதியை எமது பெயரிலே பெற்று, வீட்டைக் கட்டினோம்.

அவ்வம்மையாரை நாம் 'பா' என்று அழைக்கின்றோம். தாய் அல்லது தந்தையின் மூத்த சகோதரிக்கு வழங்கும் சொல் அது. பெரியம்மா என்று கொள்ளலாம். இந்நாட்டாரும் நம்மவரைப்போலவே அயலாரை முறைசொல்லி அழைப்பவர்கள். கடைக்காரரும் அண்ணன், மரக்கறி விற்பவரும் அக்கா. இந்த ஒரு பழக்கத்தினாலேயே எமக்குப் பாதி அந்நியம் தீர்ந்தது என்று சொல்லவேண்டும்.

பா தமது காணி உறுதியை எடுத்துக் காட்டினார். தலைப்பிலே சிவந்த கருட முத்திரை. அதன் பின்புறத்தில், அக்காணி பற்றிய கொடுக்கல் வாங்கல்களெல்லாம் வரிசையாகப் பதியப்பட்டிருந்தன. கடைசி வரியில் எமது பெயர் தாய் எழுத்தில், குத்தகைக்காரர் என்ற நிலையில், ஏறியது. வலிகாமம் வடக்கிலே எம் பெற்றோர் வாழ்ந்த வளவின் உறுதியும் எம் பெட்டியில் இருக்கின்றது. 1990இல் விட்டு வெளியேறிய அவ்வளவினுள் 27 ஆண்டுகள் கால்வைக்க இயலவில்லை. திரும்பச் சென்று பார்த்தபோது உறுதியிற் கண்ட நான்கெல்லையும் இருந்தன, வீடு இருக்கவில்லை. இங்கோ வீடு எம்முடையது, எல்லைக்குட்பட்ட நிலம் இன்னொருவருடையது. காணிக் கந்தோரின் வாங்கிலே அமர்ந்திருந்த வேளையில் இந்த நினைவு வந்ததேயன்றி, அதனைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

சாரபி தாழ்ந்த நிலம். பிங் ஆறு தொலைவில் இல்லை. ஆதலால் இங்கே வீடு கட்டுவோர் முதலில் மண் கொட்டி நிலத்தை உயர்த்துவர். உயர்த்திய மண்ணை ஒரு மாரி முழுவதும் மழையில் நனைந்து இறுக விட்டுவிடுவர். பொறுமையற்றோர் அதற்கு முன்பே கட்டத் தொடங்கிப் பின்னர்ச் சுவர் வெடிப்பைக் கண்டு வருந்துவதுண்டு. நாம் ஒரு மாரி காத்திருந்தோம். பின்னர் கொங்கிறீற்று முளைகளை ஆழ இறக்கி, அவற்றின் மேலே வீட்டை எழுப்பினர். வீடு முளையின் மேல் நிற்பதால் அசையாது. சுற்றியுள்ள மண் மட்டும் ஆண்டுக்காண்டு கீழிறங்கும். இதனைத் தலைமை மேசன் முன்கூட்டியே சொல்லியிருந்தார். கறையான் மருந்து செலுத்துவதற்கென நிலத்தின் கீழே குழாய் பதிக்கும் வழக்கத்தையும் இங்கேதான் முதன்முதலிற் கண்டோம். பனங்கைமரமும் வளையும் கறையானுக்கு இரையாவதைப் பார்த்து வளர்ந்த எமக்கு இது மிக நல்ல யோசனையாகத் தோன்றியது.

2023 கார்த்திகையில் வேலை முடிந்தது. அடுத்து வந்தது குடிபூரல். எமக்குச் சனிக்கிழமை வசதியாக இருந்தது. பா கையை உதறி மறுத்துவிட்டார். சனிக்கிழமை வீடு புகலாகாது, வெள்ளிக்கிழமை பிணம் சுடலாகாது என்பது இந்நாட்டு முதுமொழி. வெள்ளிக்கு இவர்கள் வழங்கும் பெயர் 'சுக்'. அது சுக்கிரனின் பெயரே. சுகம் என்ற சொல்லையும் இவர்கள் அவ்வாறே உச்சரிக்கின்றனர். எனவே வெள்ளிக்கிழமை குடிபுகுந்தால் சுகம். சனியைக் கண்டு அஞ்சுவது நமக்குப் புதிதன்று. ஆகவே நாம் எதிர்வாதம் செய்யவில்லை.

விடியற்காலையில் எம் முறைப்படி கும்பம் வைத்து, கிழக்கு நோக்கிப் பால் காய்ச்சினோம். பால் பொங்கி எழுந்து வழியத் தொடங்கியதும், பார்த்து நின்ற பா பதறி ஓடிவந்து அடுப்பை அணைக்கக் கை நீட்டினார். கையைப் பற்றி நிறுத்தவேண்டியதாயிற்று. வழியட்டும், வழிவதற்காகவே காய்ச்சுகின்றோம் என்று எமக்குத் தெரிந்த தாய் மொழியிற் சொன்னோம். அவர் முதலில் எம்மையும் பின்னர் பாற்பானையையும் பார்த்தார். அன்று பகல் வந்தவர்கள் அத்தனை பேருக்கும் அவர் சொன்ன முதற் செய்தி இதுதான்.

பொழுது புலர்ந்தபின் அவர்களது சடங்கு. வளவின் மூலையில் ஒரு கம்பம் நட்டு, அதிலே நான்கு திசைக்கும் நான்கு படையற் தட்டுகள், உச்சியில் ஒன்று, நிலத்தருகில் ஒன்று, ஆக ஆறு தட்டுகள் வைத்தனர். நான்கும் திசைகாவலருக்கு, உச்சியிலுள்ளது இந்திரனுக்கு, கீழுள்ளது தரணி என்னும் பூமாதேவிக்கு. விகாரைச் சடங்குகளை நடத்தும் முதியவரை 'அச்சான்' என்கின்றனர். நம் ஆசாரியர் என்னும் சொல் அவ்வளவு தூரம் நடந்து களைத்துப்போய் அச்சானாகி நிற்கின்றது. அவர் குபேரன் முதலிய காவலரைப் பெயர் சொல்லி அழைத்து, இவ்வீட்டில் இன்னார் குடியேறுகின்றனர் என்று அறிவித்தார். எம் பெயரை உச்சரிக்க அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

காணியின் காவற் தெய்வத்துக்கு ஒற்றைக் காலில் நிற்கும் சிறு கோயிலொன்றும் எழுப்பப்பட்டது. தாய்லாந்தின் எந்த வீட்டு வாசலிலும் இதனைக் காணலாம். வீட்டின் நிழல் அதன்மேல் விழக்கூடாது என்பது விதி. ஆதலால் அதற்கு இடம் தேடுவது வீட்டுக்கு இடம் தேடுவதிலும் சிரமம். உள்ளே வாளும் பணப்பையும் ஏந்திய தேவன். மல்லிகை மாலையும் ஊதுபத்தியும் நமக்குப் பழக்கமானவையே. சிவப்பு நிறச் சோடாப் போத்தலைத் திறந்து, உறிஞ்சு குழாயும் இட்டு வைப்பதுதான் புதுமை.

ஒன்பது பிக்குமார் வந்தனர். ஒன்பது என்னும் தாய்ச் சொல்லும், முன்னோக்கி அடியெடுத்து வைத்தல் என்னும் சொல்லும் ஏறக்குறைய ஒரே ஓசையுடையன. புத்தர் சிலையிலிருந்து வெண்ணூலை இழுத்து, வீட்டைச் சுற்றிவந்து, பிக்குமார் கைகளிற் சேர்த்தனர். ஓதல் தொடங்கியதும் எமக்கு வியப்பு மேலிட்டது. இலங்கை வானொலியிற் காலைதோறும் கேட்டு வளர்ந்த பிரித்தும் இதுவும் ஒரே பாளி மொழி. இராகம் மட்டும் வேறு. தானம் கொடுக்கும்போது ஒரு வேறுபாட்டைக் கண்டோம். நம் நாட்டிலே பெண்கள் நீட்டுவதைப் பிக்குமார் நேரே கையில் ஏற்பர். இங்கே அவர்கள் ஒரு துணியை விரித்து, அதன்மேல் வைப்பதையே ஏற்கின்றனர். நண்பகலுக்கு முன் போசனம் முடிந்ததும், மூத்தவர் வாசற்படி மேலே வெள்ளைச் சாந்தினாற் புள்ளிகளிட்டு, நீர் தெளித்துச் சென்றார்.

எமது நாட்டைப் பற்றி அயலவர் கேட்டபோது 'சிறீ லங்கா' என்றோம். முதியவர்கள் உடனே கைகூப்பினர்; அங்கிருந்தன்றோ எங்கள் சமயம் வந்தது என்றனர். இலங்கையிற் பௌத்த உபசம்பதை அற்றுப்போனபோது 1753இலே சீயத்திலிருந்து உபாலி தேரர் வந்து அதனை மீட்டுக் கொடுத்தார் என்பதை நாம் நினைவூட்டினோம். கடன் இருபுறமும் உண்டல்லவா? ஒரு சிறுவனுக்கோ வேறு ஐயம். பாடசாலையில் அவன் படிப்பது இராமகியன், அதாவது இவர்களது இராமாயணம். பத்துத் தலைகொண்ட தோட்சகனின் ஊர் இலங்கைதானே, அவனைத் தெரியுமா என்று கேட்டான். தசகண்டன் என்பதே தோட்சகன் ஆயிற்று. ஒரே ஊரவன்தான் என்று சொல்லிவைத்தோம்.

கடதாசி வேலைகளைச் சுருக்கிச் சொல்லலாம். வீடு முடிந்து 15 நாட்களுக்குள் அறிவித்து வீட்டிலக்கம் பெறவேண்டும். அதுவரை தற்காலிக மின்மானியே, அதற்குக் கட்டணமும் கூட. இலக்கத்துடன் ஒரு நீலப் புத்தகம் தருகின்றனர். வீட்டிற் பதிவானோர் பெயர் அதில் இருக்கவேண்டும். தாய்லாந்துப் பிரசை எவரும் இல்லாமையால் எமது நீலப் புத்தகத்தின் தாள்கள் வெறுமையாகவே உள்ளன. அந்நியருக்கு மஞ்சள் புத்தகம் வேறு. கடவுச்சீட்டை மொழிபெயர்த்து, சாட்சிகளையும் கிராமத் தலைவரையும் அழைத்துச் சென்று, அதனைப் பெற்றோம். இவற்றுள் எதுவும் உரிமைப் பத்திரம் அன்று. மேலும் 90 நாளுக்கு ஒருமுறை நாம் இருக்குமிடத்தைக் குடிவரவுக் கந்தோருக்கு அறிவிக்கவேண்டும். கொழும்பிலிருந்து மைத்துனர் குடும்பம் வந்திறங்கியபோது, அவர்களது வரவையும் வீட்டுக்காரராகிய நாமே 24 மணி நேரத்துள் அறிவிக்கவேண்டியிருந்தது. விருந்தினருக்குத் தேநீர் கொடுக்குமுன் விண்ணப்பம் நிரப்பிய வீடு எமது வீடாகத்தான் இருக்கும்.

குசினிகள் இரண்டு. உள்ளே இருப்பது பார்வைக்கு. பின்புறம் கூரை மட்டும் உள்ள திறந்த குசினியே சமையலுக்கு. மிளகாய் தாளிக்கும் நெடி வீட்டுக்குள் வரலாகாது என்பதற்காக இவ்வேற்பாடு. யாழ்ப்பாணத்துத் தூளுக்கு மிளகாய் வறுத்த நாளில் அதன் அருமையை உணர்ந்தோம். வேலிக்கு அப்பால் தும்மல் கேட்டது. சற்று நேரத்திற் பாவும் வந்தார். கோபித்து வந்தார் என்று எண்ணினோம்; அவரோ ஒரு சிறு போத்தலை நீட்டினார். புலால் உண்ணாமை இங்கே 'மங்சவிரட்'. மாங்கிஷ விரதி என்னும் வடசொல்லே அது. சொல் எளிதிற் புரிந்தாலும், மீன்சாறு சேராத கறியை அயல் வீடுகளிற் பெறுவது அவ்வளவு எளிதன்று.

மாசி முதற் சித்திரை வரை இங்கே புகைக்காலம். வயல்களும் காடுகளும் எரிக்கப்படுவதால் டோய் சுதேப் மலை முற்றாக மறைந்துவிடும். ஓர் அறையை மட்டும் இடைவெளியின்றி அடைத்து, காற்று வடிகட்டும் பொறியுடன் அதற்குள்ளே அடைந்து கிடக்கின்றோம். காற்றோட்டத்துக்கென்று நாம் ஆசையுடன் வைத்த அகன்ற யன்னல்கள் அம்மூன்று மாதமும் வீண். வீட்டுப் படங்களைப் பார்த்து ஆசைப்படுவோர் இதனையும் அறிந்துகொள்ளவேண்டும்.

2024ஆம் ஆண்டு பிங் ஆறு பெருகியது. ஒக்டோபரில் நகரமும் சாரபியின் பள்ளங்களும் நீரில் மூழ்கின. புது வீட்டார் ஒவ்வொருவரும் மண் கொட்டித் தத்தம் நிலத்தை உயர்த்த, பழைய வீடுகள் குழிக்குள் இருப்பனபோலாகிவிட்டன. வந்த வெள்ளம் அவற்றையே தேடிப் போனது. பாவின் வீடு பழைய முறையிலே தூண்களின் மேல் நிற்பதாகையால் தப்பியது. அடுத்திருந்த தாழ்ந்த கல்வீட்டிலே முழங்காலளவு நீர். அக்குடும்பத்தினர் மூன்று இரவு எமது விறாந்தையிற் பாய் விரித்துப் படுத்தனர். அரிசி மூட்டைகள், தையல் இயந்திரம், இரண்டு சேவல்கள் யாவும் உடன் வந்தன. அவர்கள் இந்நாட்டவராகையால் குடிவரவுக் கந்தோருக்கு அறிவிக்கவேண்டியிருக்கவில்லை.

நீர் வடிந்தபின், மேசன் சொன்னபடியே மண் இறங்கிவிட்டது. விறாந்தையின் அடியில் ஒரு சாண் இடைவெளி. அதற்குள்ளே தேரைகள் குடியேறியிருந்தன. ஐந்து பாரவூர்தி மண் கொட்டவேண்டும் என்று கணக்கிட்டோம். செலவிற் பாதி தம்முடையது என்று பா பிடிவாதமாகச் சொன்னார். வீடுதான் உங்களுடையது, மண் என்னுடையதல்லவா என்று வாதிட்டார். பணத்தையும் ஒரு பிஸ்கற் தகரத்திற் கொண்டுவந்து எமது மேசையில் வைத்துவிட்டு, வறுத்த தூள் இன்னும் இருக்கின்றதா என்று கேட்டார்.