கள்ள நோட்டு

எங்கம்மாவுக்கு எழுத்து தெரியாது. நோட்டை நிறத்தையும் அளவையும் வைத்துத்தான் அடையாளம் காண்பாள். 2005இல் கரும்பு வெட்டிய கூலியாக வந்த ஐந்நூறு ரூபாயைக் கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சேரியில அச்சடிக்கிறீங்களாடி?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார். கூலி கொடுத்தவரிடம் போய்க் கேட்க முடியுமா? அடுப்பில் போட்டாள். நாலு நாள் வெட்டு அது.

அந்த அடுப்பு ஞாபகத்தோடுதான் இங்கிலாந்துப் பெண் கைதிகளின் கடிதங்களைப் படித்தேன். 1797இல் பேங்க் ஆஃப் இங்கிலாந்து நோட்டுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தி, ஒரு பவுன், இரண்டு பவுன் நோட்டுகளை அச்சடித்து விட்டது. நோட்டையே பார்த்திராத ஏழைகள் கையில், லேசாகப் போலி செய்யக்கூடிய காகிதம். தெரிந்தே மாற்றினால் தூக்கு. 1801 சட்டப்படி, தெரிந்து வைத்திருந்தால் 14 வருஷம் நாடு கடத்தல். 1821க்குள் 300 பேருக்கு மேல் தூக்கில் தொங்கினார்கள். 1818இல் ஹாரியட் ஸ்கெல்டன் என்ற பெண்ணுக்காக எலிசபெத் ஃப்ரை மன்றாடியும் விடவில்லை.

உயிருக்குப் பயந்து சின்னக் குற்றத்தை ஒத்துக்கொண்டவர்கள் நியூகேட் சிறையிலிருந்து நியூ சௌத் வேல்ஸுக்குக் கப்பலேறினார்கள். எல்லாரும் ஒன்றுமறியாதவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கள்ள நோட்டை மலிவாக வாங்கி, கடையில் கொடுத்து மீதிச் சில்லறையில் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் பிடிபட்டது பெரும்பாலும் நோட்டை நீட்டியவள்தான். அச்சடித்தவன் இல்லை.

அந்தக் கடிதங்கள் யாருக்குத் தெரியுமா? வழக்குப் போட்ட அதே பேங்கின் வக்கீல்களுக்கு! பிள்ளைக்குத் துணியில்லை, கப்பல் செலவுக்குக் காசில்லை, கருணை காட்டுங்கள் ஐயா என்று. பேங்கும் கொடுத்தது. கப்பலேறும் பெண்ணுக்கு 5 பவுன். புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். நமக்கு இது புதுசா? அடிச்ச ஆண்டை வாசலிலேயே மருந்துக்குக் காசு கேட்டு நின்ன சனம்தானே நாம.

இன்னொன்று. பத்திரம் திருத்திய குற்றத்துக்காக அதே நாட்டுக்குக் கடத்தப்பட்டவர் பிரான்சிஸ் கிரீன்வே, கட்டடக் கலைஞர். 1821இல் திறந்த பரமட்டா பெண் கைதிகள் தொழிற்கூடம் அவர் வரைந்தது. 1966இல் ஆஸ்திரேலியா 10 டாலர் நோட்டிலேயே அவர் முகத்தைப் போட்டது. படித்த ஆம்பள.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "புள்ளைங்க என்னாச்சி?" என்றாள். கைக்குழந்தைகளைத் தாயோடு ஏற்றினாங்க, வளந்ததுங்க பலதும் அங்கேயே நின்னுபோச்சு என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "அந்தக் கடுதாசியெல்லாம் யாருடா எழுதிக் குடுத்தா?"

"சிலது அவங்களே. சிலது வேற ஆளுங்கம்மா."