கடைசி இரண்டு நாள்

எங்கள் இருசக்கர வண்டி ஷோரூம் பலகையில் கம்பெனியின் பெயர் பெரிதாக இருக்கும். வங்கிக் கடன் பத்திரத்திலோ அப்பா, சித்தப்பா, நான் என மூன்று பேர் கையெழுத்து மட்டும்தான். இந்த வித்தியாசம் 2017 மார்ச் 29 அன்றுதான் முழுசாக உறைத்தது.

பி.எஸ்.-3 (பாரத் ஸ்டேஜ் 3) என்ற பழைய புகை விதிப்படி தயாரான வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கவோ பதிவு செய்யவோ கூடாது என்று உச்ச நீதிமன்றம் அன்று உத்தரவிட்டது. தடை உற்பத்திக்குத்தான், கையிருப்பை விற்றுக்கொள்ளலாம் என்பது கம்பெனிகளின் வாதம். வியாபார லாபத்தைவிட மக்கள் உடல்நலம் பெரிது என்றது நீதிமன்றம். நாடு முழுக்கத் தேங்கியிருந்த 8.24 லட்சம் வண்டிகளில் சுமார் 6.71 லட்சம் இருசக்கர வண்டிகள்.

எங்கள் குடோன் நிரம்பியதற்குக் காரணம் உண்டு. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ரொக்கத்தோடு வந்து வண்டி எடுக்கும் விவசாயிகளைக் காணோம். ஆனால் கம்பெனியின் மாத இலக்கு குறையவில்லை. லாரி வந்தால் இறக்கித்தான் ஆகவேண்டும். வட்டி எங்கள் தலையில்.

மறுநாள் தள்ளுபடி அறிவிப்பு வந்தது. சில கம்பெனிகள் 22,000 ரூபாய் வரை குறைத்தன. ஆயுசுக்கும் ஹெல்மெட்டுக்கு மேல் எதையும் இனாமாகத் தராத அப்பா, "அடக்கத்தைப் பாக்காதடா, தள்ளிவிடு" என்றார்.

வெள்ளிக்கிழமை ஷட்டரைத் தூக்கும் முன்பே வாசலில் கூட்டம். யாரும் கலர் கேட்கவில்லை. கடன் பேப்பர் போட நேரமில்லாததால் கையில் பணம் இருந்தவர்களுக்கே வண்டி கிடைத்தது. பழைய வண்டி புரோக்கர்கள் சொந்தக்காரர் பெயர்களிலெல்லாம் பில் போட்டார்கள். 31-க்குள் விற்றதற்குச் சான்று இருந்தால் பிறகும் பதிவு செய்யலாம் என்பதால், நள்ளிரவுக்குள் பில்லும் இன்சூரன்சும் போட்டாகவேண்டும். இன்சூரன்ஸ் சர்வர் திணறியது.

அந்தக் கூட்டத்திலேயே ஒருவர் சண்டைக்கு வந்தார். "போன வாரம் முழு விலை குடுத்த நான் இளிச்சவாயனா அண்ணே?" அப்பா வாதாடவில்லை, அவர் கட்டிய இன்சூரன்ஸ் தொகையைத் திருப்பித் தரச் சொன்னார். அவருடைய தம்பிகளும் எங்கள் வாடிக்கையாளர்கள்.

2020 மார்ச் 31 பி.எஸ்.-4 வண்டிகளுக்குக் கெடு. அந்த ஜனவரியிலிருந்தே ஏரியா மேனேஜர் போன் செய்தபோதெல்லாம், "புக்கிங் இருக்கிற வண்டிய மட்டும் அனுப்புங்க சார்" என்றார் அப்பா. மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தபோது எங்கள் குடோன் காலி. இலக்கை எட்டாததால் அந்தக் காலாண்டு ஊக்கத்தொகை வரவில்லை. அப்பா அதைக் கேட்கவும் இல்லை.