படவேட்டிலிருந்து: தறிக்கும் மாதச் சம்பளத்துக்கும் நடுவே

அன்புள்ள செல்வம்,

ஆரணியில் பட்டுக் கடைகளைப் பார்த்துவிட்டு, சேலை நெய்கிற வீட்டையும் பார்க்கலாமே என்று சந்தவாசலில் பஸ் மாறிப் படவேட்டுக்கு வந்தேன். ஜவ்வாது மலை அடிவாரம், வழியெங்கும் வாழைத் தோட்டம். சம்புவராய மன்னர்களின் தலைநகராக இருந்த ஊர் இது. ஆடி வெள்ளியில் ரேணுகாம்பாள் கோயிலில் கால் வைக்க இடமிருக்காதாம்.

தறி ஓடும் நாளில் இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. நான் போன வீட்டில் கணவர் குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். மனைவி ராட்டையில் ஊடை நூலைத் தார் சுற்றினார். பாவில், அதாவது நெடுக்கு நூலில், இழை அறுந்தால் பிணைக்க மாமியார் வந்துவிடுகிறார். கூலி மட்டும் சேலைக்கு இவ்வளவு என்று ஒருவர் கணக்கில்தான். முதலாளி அடுத்த பாவு கொடுக்கும்வரை தறி சும்மா கிடக்கும். மழையில் குழிக்குள் ஈரம் ஏறினாலும் அதே கதைதான். அந்த நாட்களுக்குக் கூலி கிடையாது. வாங்கிய முன்பணக் கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

“பையனைத் தறியில உட்கார வைக்கலீங்க. செய்யாறு சிப்காட்டுக்குப் போறான். மாசம் பொறந்தா சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டு” என்றார் அந்த நெசவாளர். கைத்தொழிலை விட்டுப் போகிறார்களே என்று நாம் வருத்தப்படுவதற்கு அதற்குமேல் என்ன பதில் வேண்டும்?

தறிக்கும் ஒரு பி.எஃப். உண்டு, தெரியுமா? 1975-இல் தமிழக அரசு தொடங்கிய சேமிப்புத் திட்டம். கூட்டுறவுச் சங்க நெசவாளி கூலியில் ரூபாய்க்கு 8 காசு போட்டால், அரசு 4 காசு சேர்க்கும். தனியார் முதலாளிக்கு நெய்பவருக்கு அது எட்டாது. 2019-20 அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில், நெசவுக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிப்பதாகத் தெரிந்தது. நாளெல்லாம் தறி ஓடியும் வறுமை தீராததற்குக் காரணம் இந்தக் குறைந்த கூலிதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ‘கண்ணியமான வேலை’ என்று 1999 முதல் சொல்லிவருவதில் நியாயமான கூலியும் முதுமைக்குப் பாதுகாப்பும் அடக்கம். தறிகளைப் பெருக்கினால் மட்டும் இவை வந்துவிடாது. தார் சுற்றும் பெண்ணின் உழைப்புக்கும் கூலி வேண்டும். பாவு இல்லாத நாளுக்கு ஈடு வேண்டும். சங்கத்துக்கு வெளியே நெய்பவருக்கும் அந்த 4 காசு கிடைக்க வேண்டும்.

உன் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போகிறாய் அல்லவா? கூட்டுறவுச் சங்கத்திலோ கோ-ஆப்டெக்ஸிலோ எடு. சங்கத்தில் சரக்கு விற்றால்தான் அடுத்த பாவு தறி ஏறும்.

அன்புடன்,
உன் நண்பன்