ஜிம்மி அறுத்த கயிறு

ஜிம்மிக்குத் தேங்காய்த் தும்பு என்றால் உயிர். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஈத்தாமொழிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில் கயிறு திரிக்கும் குடும்பத்தைத் தேடிப் போனபோது முதலில் எதிர்ப்பட்டது அவன்தான். செம்பட்டை நிற நாட்டு நாய். ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் இருக்க, வாய் நிறையத் தும்போடு ஓடிவந்தான். பின்னாலேயே விளக்குமாறும் கையுமாகப் பாட்டி. “சவத்து மூதி! ரெண்டு பாகம் கயித்துக்குள்ள தும்பக் கொண்டுட்டு ஓடுது, பாருங்கோ!”

வீட்டில் நான்கு பேர். பாட்டி தும்பைக் கோதி, தூசு தட்டி, லேசாக ஈரம் தெளித்துக் கொடுப்பார். காலையில் தென்னை ஏறப் போகும் அண்ணன் மதியத்துக்கு மேல் ராட்டுச் சுற்ற உட்காருவார். அவர் மனைவியும் தங்கையும் கயிறு இழுப்பார்கள். இந்த நால்வரின் வேலையையும் மேற்பார்க்கும் பொறுப்பை ஜிம்மி தானாகவே எடுத்துக்கொண்டிருந்தான்.

ராட்டின் இரண்டு கதிர்களிலும் தும்பை மாட்டிவிட்டு, பெண்கள் இருவரும் பின்னோக்கி நடக்கத் தொடங்கினார்கள். இடுப்பில் கட்டிய தும்பிலிருந்து விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட, அது முறுக்கேறி இழையாக நீண்டது. பாதை பார்த்து நடக்க முடியாது. கண் முழுக்க இழையில்தான். தோப்பின் மறுகோடிக்குப் போனதும் இரண்டு இழைகளையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினார்கள். ஒவ்வோர் இழையும் தன் முறுக்கைப் பிரித்துக்கொள்ளப் பார்க்கிறது. அந்த இழுப்பே இரண்டையும் ஒன்றோடொன்று இறுக்குகிறது. பசையும் இல்லை, முடிச்சும் இல்லை. கயிற்றின் உறுதி முழுவதும் இந்த எதிர்முறுக்கில் இருக்கிறது.

அடுத்த இழைகள் பாதித் தோப்பைத் தாண்டியபோது தென்னை மூட்டில் ஓர் அணில் இறங்கியது. ஜிம்மி பாய்ந்தான். முதல் இழைக்கு அடியில் நுழைந்தவன் இரண்டாவதைத் தாண்டப் பார்த்து, அதை அறுத்து, மீதியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடுமுற்றத்தில் நின்றான். அணில் உச்சிக்குப் போய்விட்டது. அண்ணன் ராட்டை நிறுத்தினார். ஓங்கிய விளக்குமாறோடு வந்த பாட்டிக்குப் பாதி வழியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. “நாங்க நாலுபேரு வேலைக்காரங்க. இவன் ஒருத்தன்தான் கங்காணி” என்றார் அண்ணன் மனைவியான அக்கா.

பிறகு அவர் செய்ததைத்தான் நான் பார்க்க வேண்டியிருந்தது. அறுந்த இரு நுனிகளையும் பிரித்து விசிறிபோல் பரப்பினார். இடையில் ஒரு சிட்டிகை தும்பு வைத்து உள்ளங்கையில் உருட்டினார். தலையசைத்ததும் ராட்டுச் சுழன்றது. அந்த இடத்தைத் தேடி விரலை ஓட்டிப் பார்த்தேன். ஒட்டு எங்கே என்று பிடிபடவில்லை. அறுபடாமல் ஓடும்போது எளிதாகத் தெரிந்த வேலையில் எவ்வளவு கைத்தேர்ச்சி இருக்கிறது என்பது அறுந்தபோதுதான் புலப்பட்டது.

இந்தத் தேர்ச்சிக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. ஈத்தாமொழி நெட்டைத் தென்னை புவிசார் குறியீடு பெற்றது. 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. அதே திருவிதாங்கூர்க் கரையோரத்தில், ஆலப்புழையில், 1859-இல் ஜேம்ஸ் டாரா கயிற்றுத் தொழிற்சாலை தொடங்கினார். கயிற்றுக்கு நார் எடுக்க, பச்சைக் கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, நீரில் மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள். நாரைப் பிணைத்திருக்கும் பெக்டினை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்ததும் நார் தளரும். மாவட்டத்தின் மேற்கே அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயும் கதம்பை ஊறிய நீர்தான். பாட்டி இளம்வயதில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கதம்பையைக் கொட்டாப்புளியால் அடித்து நாரெடுத்தவர். இப்போது தும்பு ஆலை இயந்திரம் அதைச் செய்கிறது. மோட்டார் ராட்டும் வந்துவிட்டது. 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கயிறு வாரியம் பயிற்சி தருகிறது. ஆனால் இந்த வீட்டில் இன்னும் கைராட்டுதான், தூசும் மூக்கில்தான்.

கடையில் கயிற்றை நிறுத்து விற்கிறார்கள். பின்னோக்கி நடந்த தூரமும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டும் அந்தத் தராசில் ஏறுவதில்லை. கூலி பேசுகிறவர்கள் ஒரு நாளாவது இந்தத் தோப்பில் நின்று பார்க்க வேண்டும்.

உங்களுக்கு முதலில் என்ன வேண்டும் என்று கேட்டேன். கடன், இயந்திரம் என்று ஏதாவது சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். “நீளமா ஒரு கூரை” என்றார் அக்கா. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மழை நாளில் தும்பு காயாது, இழை இழுக்க இடமிருக்காது, கூலியும் இருக்காது. ஊருக்குப் பொதுவாக ஒரு நீளக் கொட்டகை இருந்தால் பல குடும்பங்கள் முறைவைத்து உட்காரலாம். ஊராட்சி நினைத்தால் முடிகிற காரியம். செய்தே ஆக வேண்டிய காரியமும்கூட. “ரெண்டு பக்கமும் அடைச்சுத் தரச் சொல்லுங்கோ” என்று பாட்டி சேர்த்துக்கொண்டார். “இவன வெளியில நிறுத்தணும்லா!”