மாட்டுக் கணக்கில் மானம்: இடைக்கால அயர்லாந்தில் ஒரு கதையாட்டம்

கதையாட்டம் என்பது ஒரு மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேச்சாலும் பகடையாலும் ஒரு கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு. அவர்களில் ஒருவர் மட்டும் தனக்கென்று பாத்திரம் வைத்துக்கொள்வதில்லை. அவர்தான் கேம் மாஸ்டர். ஆட்டத்தின் உலகம், வழியில் எதிர்ப்படும் மனிதர்கள், வானிலை, செய்த காரியத்துக்கு வரும் விளைவு எல்லாம் அவர் பொறுப்பு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974இல் அமெரிக்காவில் கொண்டுவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி. அதே பாத்திரங்களோடு வாராவாரம் கூடி மாதக்கணக்கில், சில மேசைகளில் வருடக்கணக்கில், ஆடுவதற்குக் கேம்பெயின் என்று பெயர். அதை நடத்துபவர் கதைசொல்லி, நடுவர், நடிகர், கணக்குப்பிள்ளை என்று நாலு வேலையை ஒரே நேரத்தில் பார்க்கிறார். களம் இடைக்கால அயர்லாந்து என்றால் கணக்குப்பிள்ளை வேலை மற்ற மூன்றையும் விழுங்கிவிடப் பார்க்கும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது நூற்றாண்டு. இடைக்கால அயர்லாந்து ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு நீளமானது. 795இல் வைக்கிங்குகளின் முதல் தாக்குதல் பதிவாகிறது. 841இல் டப்ளினில் அவர்கள் கப்பல்தளம் அமைக்கிறார்கள். 1014இல் க்ளான்டார்ஃப் போரில் பிரையன் போரு வென்று, அன்றைக்கே கொல்லப்படுகிறார். 1169இல் நார்மன்கள் வந்திறங்குகிறார்கள். இந்த நான்கு ஆண்டுகளுக்கு நடுவே நாடு நான்கு தடவை வேறாகிவிடுகிறது. ‘ஆர்ஸ் மேஜிகா’ என்ற புகழ்பெற்ற ஆட்டம் தன் காலத்தை 1220 என்று நிறுத்திக்கொண்டது. அங்கே கற்கோட்டை, ஆங்கிலேயப் பிரபு, நகரச் சந்தை எல்லாவற்றுக்கும் இடமுண்டு. ஆனால் அயர்லாந்துக்கே உரியதை ஆட வேண்டுமென்றால் 700ஐ ஒட்டிய காலமே நல்ல தேர்வு. நாட்டின் சட்டநூல்களில் பெரும்பாலானவை 7, 8ஆம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்டவை. கேம் மாஸ்டருக்கு வேண்டிய விதிப்புத்தகம் அங்கேயே தயாராக இருக்கிறது, அதுவும் கற்பனையை மிஞ்சும் நுணுக்கத்தோடு.

இந்தக் காலத்தைத் தேர்ந்தால் மேசையிலிருந்து பல பொருள்களை எடுத்துவிட வேண்டியிருக்கும். நகரம் இல்லை, வைக்கிங்குகளுக்கு முன் மக்கள் திரண்டிருந்த இடங்கள் குளோன்மக்நாய்ஸ் போன்ற மடங்களே. நாணயமும் இல்லை. தீவில் முதல் காசு டப்ளினின் நோர்ஸ் அரசன் சிட்ரிக் காலத்தில், 997ஐ ஒட்டித்தான், அச்சானது. உருளைக்கிழங்கு அமெரிக்காவிலிருந்து வர இன்னும் பல நூற்றாண்டுகள் ஆகும். ஆட வருபவர்கள் திரைப்படங்களிலிருந்து கொண்டுவரும் கட்டம்போட்ட கில்ட் பாவாடையையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். மண்மேடும் பள்ளமும் வட்டமாகச் சூழ்ந்த பண்ணைவீடு, ஏரிக்குள் மரத்தூண் நட்டு எழுப்பிய செயற்கைத் தீவு, ஓட்ஸ் கஞ்சி, வெண்ணெய், தயிர்க்கட்டி, எங்கும் மாடு என்பவை மிஞ்சும். வட்ட மண்கோட்டைகள் மட்டும் தீவு முழுக்க 45,000 வரை கண்டறியப்பட்டுள்ளன. வரைபடத்தில் எங்கே விரலை வைத்தாலும் பக்கத்தில் ஒன்று இருக்கும் என்பதால் ஊர் வரையும் வேலை பாதி குறைகிறது.

தங்கக் காசு இல்லாத ஆட்டத்தில் வீரர்கள் எதைச் சேர்ப்பார்கள்? இதற்குச் சொல்லும் பதிலில்தான் கேம்பெயின் நிற்பதும் விழுவதும் இருக்கிறது. பழைய ஐரிஷ் சட்டத்தில் சுதந்திர மனிதன் ஒவ்வொருவனுக்கும் மானவிலை உண்டு. அவனை அவமதித்தாலோ காயப்படுத்தினாலோ அவன் விருந்தாளியைத் தாக்கினாலோ அந்த விலை கொடுத்துத் தீர்க்க வேண்டும். ‘க்ரீத் கவ்லாக்’ என்ற, சமூகத் தரங்களை வகுக்கும் நூலில் சிறு அரசனின் மானவிலை ஏழு குமல். ஒரு குமல் பொதுவாக மூன்று கறவைப் பசுக்களுக்குச் சமம். அவமானத்துக்கு ஈடு வாங்க மட்டும் பயன்படும் தொகை இல்லை இது. ஒருவன் தன் மானவிலைக்கு மேல் ஒப்பந்தம் செய்ய முடியாது. வழக்கில் சத்தியம் செய்தால் அதிக மானவிலை உள்ளவனின் சத்தியமே எடுபடும். கேரக்டர் ஷீட்டில் பலம், சாமர்த்தியம் என்ற கட்டங்களுக்கு மேலே இந்த எண்ணை எழுதிவைக்கும் கேம் மாஸ்டர் சட்டத்தின் உயிர்நாடியைப் பிடித்துவிட்டார்.

அந்த எண் இறங்கவும் செய்யும். அரசன் சம்மட்டியோ மண்வெட்டியோ கோடரியோ பிடித்து வேலை செய்தால் அந்நேரம் அவனுக்குக் குடியானவனின் விலைதான். போரில் ஓடும்போது பிடரியில் காயம்பட்டாலும் அப்படியே. ஆபத்தில் கதவை உடைக்கக் கோடரியை எட்டி எடுக்கும் அரச பாத்திரத்தைப் பார்த்துக் கேம் மாஸ்டர் ஒரு கணம் பேசாமல் இருந்தால் போதும், மேசை முழுவதும் புரிந்துகொள்ளும்.

கொலையின் கணக்கு இன்னும் கடுமை. வழக்கமான ஆட்டத்தில் வழிமறித்த கொள்ளையனைக் குத்திவிட்டு அவன் பையைத் துழாவுவார்கள். இங்கே சுதந்திர மனிதன் ஒருவனைக் கொன்றால் உயிர்விலை ஏழு குமல், அதாவது இருபத்தொரு பசு. இறந்தவனின் உறவினர்களுக்கு அவரவர் தகுதிப்படி மானவிலை தனி. கொன்றவனால் கொடுக்க முடியாவிட்டால் கடன் அவன் குடும்பக் கிளையின் தலையில் விழும். அந்தக் கிளை ஒரே கொள்ளுத் தாத்தாவின் வழிவந்த ஆண்கள் அனைவரையும் கொண்டது. எனவே நல்ல மேசைகளில் ஒரு கத்திக்குத்துக்கு அடுத்த அமர்வு முழுவதும் சித்தப்பாக்களின் கூட்டமாகப் போகிறது. யார் எத்தனை மாடு தருவது, மாட்டேன் என்பவனை என்ன செய்வது, கொன்றவனைக் கிளையிலிருந்தே விலக்கிவிடலாமா என்று பேச்சு நீள்கிறது. பகடை ஒருமுறைகூட உருளாமல் மூன்று மணி நேரம் போகும். சண்டைக்காக வந்தவர்கள் முதலில் நெளிவார்கள். பிறகு அவர்களே மாடுகளை எண்ண ஆரம்பிப்பார்கள்.

குமல் என்ற அலகுக்கு அடிப்படை அடிமைப் பெண்ணின் விலை. இதை மறைத்து ஆடுவது நேர்மையாகாது. விவரம் சொல்லாமல் திடீரென மேசையில் இறக்குவதும் முறையாகாது. அனுபவமுள்ளவர்கள் முதல் அமர்வுக்கு முன்பே எல்லோரையும் உட்காரவைத்து, அடிமைமுறை கதையில் எவ்வளவு தெரியலாம், எது கதவுக்குப் பின்னாலேயே நிற்க வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்கிறார்கள். 697இல் அடவ்னான் என்ற மடாதிபதி பிர் என்ற இடத்தில் அறிவித்த சட்டம் பெண்களையும் குழந்தைகளையும் துறவிகளையும் போரில் தாக்கக் கூடாது என்றது. 700ஐக் களமாகக் கொண்ட கேம்பெயினில் அது மூன்று வயதுப் புதுச்சட்டம். அதை மதிப்பவர்களும் மீறிப் பார்ப்பவர்களும் கதைக்குத் தாமாகவே வந்து சேர்வார்கள்.

அடுத்த சிக்கல் எல்லை. தீவில் ஒரே காலத்தில் 150 வரை சிற்றரசுகள் இருந்தன. பெரும்பாலானவற்றை ஒரு நாள் நடையில் குறுக்கே கடந்துவிடலாம். தன் சிற்றரசைத் தாண்டியதும், அரசர்களிடையே உடன்படிக்கை இல்லாவிட்டால், சாதாரண மனிதனின் சட்ட உரிமை கரைந்துவிடும். ஊர் ஊராகத் திரியும் சாகசக் குழு என்ற ஆட்டத்தின் அடிப்படைக்கே இது எதிரானது. இதற்கு விடையும் அந்தச் சமூகத்திலேயே இருக்கிறது. புலவர்களுக்கு எல்லை கிடையாது. ஏழு படிகளில் உச்சியில் நிற்கும் ஒல்லவ் புலவனின் மானவிலை சிற்றரசனுடையதற்குச் சமம். அவன் வசை பாடினால் முகத்தில் கொப்புளம் எழும் என்று நம்பினார்கள். குழுவில் ஒரு புலவர் பாத்திரம் இருந்தால் எல்லோரும் அவர் பரிவாரமாக நடந்துவிடலாம். இன்னொரு வழி ஃபியன். சொத்து கைக்கு வரும்வரை காட்டில் வேட்டையாடியும் கொள்ளையடித்தும் திரிந்த இளைஞர் கூட்டம் அது. ஃபின் மக் கூல் கதைகள் அவர்களைப் பற்றியவை. துருயிட், அதாவது பழைய மதத்தின் பூசாரி, ஆக வேண்டும் என்று கேட்பவர்கள் எல்லா மேசையிலும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல வேண்டிய கசப்பான செய்தி, இந்தக் காலத்தில் கிறித்தவச் சட்டம் துருயிட்டை வசதியான விவசாயியின் தரத்துக்கு இறக்கிவிட்டது என்பது. நல்ல நடிகர் கையில் அந்தச் சரிவே சிறந்த பாத்திரமாகிவிடுகிறது.

அமானுஷ்யத்துக்கு ராட்சதப் பட்டியல் தேவைப்படாது. ராஸ்காமன் மாவட்டத்தில் டல்ஸ்க் ஊருக்கு அருகே உள்ள ராத்க்ரோகன், மேவ் அரசியின் தலைநகராகக் கதைகள் சொல்லும் இடம். மேய்ச்சல் நிலத்தில் பரவிய தொல்மேடுகளுக்கு நடுவே ஓவெய்நகாட் என்ற குகை இருக்கிறது. வாயில் ஒரு பண்ணைப் பாதையோரம், குனிந்து நுழையும் அளவே உயரம். உள்ளே தலைக்கு மேலிருக்கும் கல்லில் ஓகம் எழுத்துகளில் மேவின் மகன் ஃப்ரேக்கின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. மனிதர் அடுக்கிய கற்சுரங்கம் சிறிது தூரம் போய், சேறு வழுக்கும் குறுகிய சுண்ணாம்புப் பாறைப் பிளவில் இறங்குகிறது. விளக்கை அணைத்தால் சொந்தக் கையும் தெரியாது. சவின் இரவில், அதாவது நவம்பர் பிறக்கும் இரவில், மறுவுலகம் திறந்து இதன் வழியாக வெளியே வரும் என்பது பழங்கதை. வந்தவற்றில் ஒன்று மூன்று தலைப் பிராணி. இன்னொன்று எண்ண முடியாத பன்றிக் கூட்டம்: எண்ணியவர் இருவருக்கும் தொகை ஒத்துவராது, அவை நடந்த நிலத்தில் ஏழாண்டு பயிர் முளைக்காது. எதையும் எண்ணிப் பார்த்தே வாழும் மாட்டுச் சமூகத்துக்கு எண்ணிக்கைக்குள் அடங்காத பன்றியைவிடப் பெரிய பயங்கரம் எது? டிராகன் பொம்மைகளை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

மாடு கவர்தலை எல்லா மேசைகளும் கடைசியில் எட்டுகின்றன. வெட்சித் திணையை அறிந்த வாசகருக்கு இதன் இலக்கணம் புதிதாக இருக்காது. புதிதாகப் பதவியேற்ற அரசன் அண்டை நாட்டு மந்தையை ஓட்டிவந்து தன் தகுதியைக் காட்டுவது வழக்கம். ஓட்டிப்போவது எளிது, திரும்புவதுதான் ஆட்டம். கன்றைத் தேடிப் பசு கத்தும். ஆற்றில் மந்தை மிரளும். துரத்துபவனின் வேகம் மாட்டின் வேகத்தைவிட எப்போதும் அதிகம். ஒவ்வொரு மைலுக்கும் எத்தனை மாட்டைக் கைவிடுவது என்று வீரர்களைக் கேட்டுக்கொண்டே போகும் கேம் மாஸ்டருக்கு வேறு தந்திரம் வேண்டாம்.

விதியைக் கையாள்வதில்தான் கைத்திறன் தெரியும். கெஷ் என்பது ஒரு மனிதன் மீது கிடக்கும் தடை. நாய்க்கறி உண்ணக் கூடாது என்பது கூ ஹுலின் என்ற வீரனுக்கு இருந்த தடைகளில் ஒன்று. கோனரே என்ற அரசனுக்கோ ஒரு வரிசை தடைகள்; ஒன்றை மீறாமல் இன்னொன்றைக் காக்க முடியாதபடி அவை அவனை ஒரு விடுதிக்குள் தள்ளிக் கொல்கின்றன. புதியவர்கள் இதை அப்படியே கண்ணியாக வைத்துவிடுகிறார்கள். வீரர் எதைச் செய்தாலும் தோற்பார். பிறகு ஆட வரமாட்டார். தேர்ந்தவர்கள் தடையைப் பாத்திரத்துக்குரியவரையே எழுதச் சொல்கிறார்கள். மீற வேண்டிய இக்கட்டு வரும்போது, மீறினால் என்ன கிடைக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார்கள். தன் அழிவைத் தானே வாங்கும் வீரர் புகார் சொல்வதில்லை.

தீராத பகையாலோ போராலோதான் அரசு கவிழ வேண்டும் என்றும் இல்லை. உல்ஸ்டர் அரசன் கோங்கலின் கண்ணைத் தேனீ கொட்டிக் குருடாக்கியதால் அவன் தாரா என்ற அரசபீடத்தின் உரிமையை இழந்தான் என்கிறது தேனீ வளர்ப்பைப் பற்றிய ஒரு சட்டநூல். உடற்குறை உள்ளவன் அரசனாக இருக்க முடியாது. தேனீ யாருடையது என்பது அடுத்த வழக்கு.

அத்தகைய வழக்கில் எளியவனுக்கும் ஓர் ஆயுதம் உண்டு. தனக்குக் கடன்பட்ட பெரிய மனிதனின் வாசலில் அவன் பட்டினி கிடக்கலாம். உள்ளே இருப்பவன் தீர்வு சொல்லாமல் சாப்பிட்டால் மானம் இழப்பான். இந்தியத் தர்ணாவோடு இதை ஹென்றி மெயின் 1875லேயே ஒப்பிட்டுக் காட்டினார். வாளில்லாத பாத்திரத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு மேசையில் இதைவிடக் கூரிய நகர்வு கிடைக்காது.

காலத்தை நடத்த நான்கு திருநாள்கள் போதும்: நவம்பர் 1, பிப்ரவரி 1, மே 1, ஆகஸ்ட் 1. மே மாதம் மந்தையோடு மேட்டு நிலத்துக்குப் போவதும் சவினில் இறங்கி வருவதும் கேம்பெயினின் ஆண்டைத் தாமே வகுத்துத் தருகின்றன. குளிர்காலம் கதைகளுக்கும் வழக்குகளுக்கும் கல்யாணங்களுக்கும் உரியது; ஒரே அமர்வில் அதைக் கடத்திவிடலாம். முடிவுக்கும் சட்டமே வழி வைத்திருக்கிறது. அரசன் இறந்தால் மூத்த மகன் தானாக அரசனாவதில்லை. அரசக் கிளையில் தகுதியுள்ள எவரும் உரிமை கோரலாம். இத்தனை காலம் சேர்த்த மாடும் மானமும், வளர்ப்புப் பிள்ளையாக வளர்ந்த வீட்டு உறவும், தீராத பழியும் அந்த ஒரு கூட்டத்தில் எண்ணப்படுகின்றன. யார் அரசன் என்று தீர்ந்த அமர்வோடு பெரும்பாலான கேம்பெயின்கள் முடிந்துவிடுகின்றன; தோற்றவரின் கிளை மாடுகளைக் கிளப்பிக்கொண்டு எல்லையைக் கடந்தால் அடுத்தது தொடங்குகிறது.