மார்க் போடாத பரீட்சை

பரீட்சை என்றால் மார்க் உண்டு, ரேங்க் உண்டு, வீட்டில் திட்டும் உண்டு. இந்த மூன்றுமே இல்லாத ஒரு பரீட்சையும் நம் நாட்டில் நடக்கிறது நண்பர்களே! எழுதிய பிள்ளைக்கு எத்தனை மார்க் என்று கடைசி வரை யாரும் சொல்ல மாட்டார்கள். பாஸ், ஃபெயில் கிடையாது. அதன் பெயர் தேசிய அடைவு ஆய்வு. பள்ளிக்கூடங்களில் சுருக்கமாக 'நாஸ்' தேர்வு என்பார்கள்.

மார்க்கே இல்லாத தேர்வு எதற்கு? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்வோம் இல்லையா, அதற்குத்தான். எல்லாப் பள்ளியிலும் நடத்தாமல், சில பள்ளிகளை மட்டும் மாதிரியாகத் தேர்ந்தெடுத்து, மாவட்டத்தில் பிள்ளைகள் எந்த அளவுக்குப் படித்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். 2021 நவம்பர் 12 அன்று 3, 5, 8, 10 வகுப்புகளுக்கு நடந்தது. 720 மாவட்டங்கள், சுமார் 1.18 லட்சம் பள்ளிகள், 34 லட்சம் மாணவர்கள்! முடிவு வருவது மாவட்டத்தின் பெயரில். சங்கரன்கோவில் வட்டாரம் 2017 ஆய்வில் திருநெல்வேலிக் கணக்கில் இருந்தது. 2019-இல் தென்காசி தனி மாவட்டமானதால் 2021-இல் தென்காசிக் கணக்குக்குப் போனது.

சரி, பள்ளிக்கூடத்துக்குள் போவோம். பனவடலிசத்திரம் பக்கம் கரிசல் காட்டு நடுவில் ஓர் ஈராசிரியர் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் அந்தப் பள்ளி வந்துவிட்டது. தேர்வை ஒருங்கிணைக்கும் பொறுப்பு தலைமை ஆசிரியர் தலையில். அலுவலகத்தில் தனி ஆள் கிடையாது. பள்ளியின் 11 இலக்க யு-டைஸ் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். வருகைப் பதிவேட்டை எடுத்து வைக்க வேண்டும். தேர்வு நாளில் சீல் வைத்த கட்டோடு வரும் கள ஆய்வாளருக்கு வகுப்பறையை ஒதுக்கித் தர வேண்டும். இந்தக் கள ஆய்வாளர்களில் பலர் பி.எட்., ஆசிரியர் பயிற்சி படிக்கிற மாணவர்கள். நம் வயதுதான்! பிள்ளைகளுக்கான வினாத்தாளோடு மாணவர், ஆசிரியர், பள்ளி என்று மூன்று விவரப் படிவங்களும் உண்டு. வீட்டில் என்ன மொழி பேசுவாய், பள்ளிக்கு எப்படி வருவாய் என்றெல்லாம் மாணவர் படிவம் கேட்கும். 2021 ஆய்வில் 48 சதவீதம் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து வருவதாகத் தெரிந்தது. 24 சதவீதம் பேர் வீட்டில் டிஜிட்டல் கருவி எதுவும் இல்லை.

இவையெல்லாம் எழுத்து வேலை. உட்கார்ந்தால் முடிந்துவிடும். கஷ்டமான வேலை வேறு!

2021-ஐயே பாருங்கள். தமிழகத்தில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது நவம்பர் 1. நான்காம் தேதி தீபாவளி. பன்னிரண்டாம் தேதி நாஸ்! அன்று மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளை கடைசியாக வகுப்பறையைப் பார்த்தது 2020 மார்ச்சில், ஒன்றாம் வகுப்பில். இரண்டாம் வகுப்பு முழுவதும் கல்வித் தொலைக்காட்சியிலும் தெருவிலும் போய்விட்டது. அந்தப் பிள்ளை கேள்வியைப் பார்த்து விழித்தால் அதிசயமா என்ன?

அந்த நேரத்தில் ஆசிரியருக்கு மனசு கேட்காது. 'லேசா ஒரு ஜாடை காட்டினா என்ன? மாவட்டத்துக்கு நல்ல பேரு வரட்டுமே' என்று தோன்றும். சிறு வகுப்புப் பிள்ளைகள் வினாத்தாளில்தான் விடையைக் குறிப்பார்கள். அதைப் பார்த்து ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்புவது கள ஆய்வாளர். பேனா பெரியவர் கையில் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. இன்னொரு குறுக்கு வழியும் உண்டு: சுமாராகப் படிக்கிற பிள்ளையை 'நாளைக்கு நீ வராண்டாம்' என்று சொல்லிவிடுவது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. தணிக்கையாளர் வருகிற நாளில் மட்டும் கிடங்கை அடுக்கி வைப்பது, வருடக் கடைசியில் கணக்கை ஜோடித்து ஐந்தொகையை அழகாகக் காட்டுவது... எல்லாம் பாடத்தில் படித்ததுதானே. ஓர் அளவு இலக்காக மாறிவிட்டால் அது நல்ல அளவாக இருக்காது என்ற கருத்தை இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் சொல்வார்கள். அவர் 1975-இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னது மூன்றாம் வகுப்புக் கணக்குப் பாடத்துக்கும் பொருந்துகிறது!

ஜோடித்த கணக்கால் கம்பெனியில் நஷ்டப்படுவது பங்குதாரர். இங்கே நஷ்டப்படுவது யார்? ஒரு பள்ளியில் பிள்ளைகள் எல்லோரும் கழித்தல் கணக்கைச் சரியாகப் போட்டதாகத் தாளில் இருந்தால், 'இந்த மாவட்டத்துக்குக் கழித்தல் தெரியும்' என்று மேலே எழுதிக்கொள்வார்கள். பயிற்சியும் புத்தகமும் வேறு பக்கம் போகும். தெரியாத பிள்ளை தெரியாமலே நான்காம் வகுப்புக்குப் போகும்.

உண்மையைப் பார்க்கப் பயப்படுவது பள்ளிக்கு மட்டும் வருகிற வியாதி இல்லை. பீசா என்ற உலகத் தேர்வின் 2009 சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது 74 இடங்கள் கொண்ட பட்டியலில் நாம் அடிமட்டத்தில். அதற்கடுத்த 2012, 2015 சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை! காய்ச்சல் அதிகம் என்று தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்ட கதைதான்.

குறையை ஒத்துக்கொண்டால் வேலை நடக்கும். கொரோனா கால இழப்பை மறைக்காமல் பேசியதால்தான் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வியும், 2022 ஜூனில் சிறு வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டமும் தமிழகத்தில் வந்தன.

2024 டிசம்பர் 4 அன்று இதே ஆய்வு 'பரக்' என்ற புதுப் பெயரில் 3, 6, 9 வகுப்புகளுக்கு நடந்தது. அடுத்த சுற்றும் வரும். இதைப் படிக்கிற யாராவது பி.எட். முடித்துக் கள ஆய்வாளராக ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளிக்குப் போகலாம். அங்கே ஒரு பிள்ளை பதில் தெரியாமல் ஒரு கேள்வியை அப்படியே விட்டுவிட்டால், நீங்களும் அதை அப்படியே விடுங்கள். தனக்கு என்ன சொல்லித் தரவில்லை என்பதை அந்தப் பிள்ளை அரசாங்கத்துக்குச் சொல்ல வேறு வழி கிடையாது.