மருந்துப்போலியும் மெய்ந்நோவும்

தமிழ் இலக்கண நூலார் 'போலி' என்னும் சொல்லை இழிபொருளில் ஆளவில்லை. 'நிலம்' என்பது 'நிலன்' என வருமிடத்தும் பொருள் மாறுவதில்லை. ஓர் எழுத்தின் இடத்தில் பிறிதோர் எழுத்து நின்று அதன் பணியை ஆற்றுகின்றது. உலக வழக்கிலோ போலி என்பது ஏமாற்று என்றாகிவிட்டது. மருந்துச் சரக்கு யாதுமில்லாத குளிசையை 'மருந்துப்போலி' என வழங்கும்பொழுது இவ்விரு பொருள்களுள் எது பொருந்தும் என்பது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நாட்பட்ட நோவுடன் வாழ்வோரின் மானம் அவ்விடையில் தங்கியுள்ளது.

கல்முனை நகருக்கு மேற்கே, முஸ்லிம்களும் தமிழரும் அயலயலாக வாழும் ஊர் நற்பிட்டிமுனை. இத்தகைய ஊர்களில் நாரி நோவும் முழங்கால் நோவும் அறியாத முதுமை அரிது. வயலிலும் அடுப்படியிலும் ஆண்டுக்கணக்காகக் குனிந்து நிமிர்ந்த தாய் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். கல்முனை வைத்தியசாலையின் கிளினிக் கொப்பி அவரிடம் உண்டு, பனடோல் உண்டு, பரிசாரி கொடுத்த எண்ணெய் உண்டு, ஓதிக் கட்டிய நூலும் கையில் உண்டு. நூல் கட்டிய மறுநாள் நோவு சற்றுத் தணிந்தது என அவர் கூறுமிடத்து, வீட்டார் மகிழ்வதோடு நில்லார். "அப்ப உம்மாட நோவெல்லாம் மனசிலதான்" என்றொரு சொல் பிறக்கும். நோவு குறைந்தமையே, நோவு இருந்ததில்லை என்பதற்குச் சான்றாகிவிடுகின்றது. அடுத்த முறை நோவு மிகும்போது அத்தாய் வாய் திறப்பதில்லை.

ஓதுதலை மருந்துப்போலி எனச் சுருக்கிவிடுதல் தகாது. நம்புவோர்க்கு அது வழிபாடு. ஆயினும் அதனைச் சூழ்ந்து நிற்கும் பரிவு, எதிர்பார்ப்பு, தொடுகை ஆகியவை உடலில் யாது செய்கின்றன என்பது ஆராயத்தக்கதே.

1978 ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவில் லெவின், கோர்டன், பீல்ட்ஸ் ஆகிய மூவர் இதனை ஆராய்ந்தனர். பல் பிடுங்கப்பட்டோர்க்கு மருந்துப்போலி கொடுத்தபோது சிலருக்கு நோவு தணிந்தது. மோர்பினின் செயலைத் தடுக்கும் நலொக்சோன் செலுத்தப்பட்டபோது அவர்களின் நோவு மீண்டும் மிகுந்தது. உடல் தானே சுரக்கும் எண்டோர்பின்கள் அத்தணிவில் பங்குகொண்டன என்பது இதனாற் பெறப்பட்டது. வெறுங் கற்பனையை நலொக்சோன் தடுக்க மாட்டாது.

இத்தாலியின் தூரின் நகரில் பெனடெற்றி குழுவினர் கண்டதும் ஈண்டு நோக்கற்பாலது. நோவாற்றும் மருந்தை வைத்தியர் கண்முன்னே சொல்லி ஏற்றுமிடத்து விளையும் ஆறுதல், அதே மருந்தைப் பொறியொன்று நோயாளி அறியாவண்ணம் ஏற்றுமிடத்து விளைவதில்லை, குறைந்தே காணப்படும். ஆகவே மெய்யான மருந்தும் தன் வலிமையில் ஒரு பகுதியை நோயாளியின் நம்பிக்கையிடமிருந்தே பெறுகின்றது எனலாம்.

இதற்கு எல்லையும் உண்டு. மருந்துப்போலி நோவை உணரும் நிலையை மாற்றவல்லது. கட்டியைக் கரைக்கவோ தேய்ந்த மூட்டைப் புதுப்பிக்கவோ வல்லதன்று. நாரி நோவுடன் காய்ச்சல், காரணமற்ற உடல்மெலிவு, கால் சோர்வு, சிறுநீரை அடக்க இயலாமை ஆகியன தோன்றின் காலந்தாழ்த்தாது வைத்தியசாலையை நாடுதல் வேண்டும். தற்காலிக ஆறுதல் அங்கு பகையாகவும் கூடும்.

பிறிதொரு கேள்வியும் எழும். ஆறுதல் தருவதற்காக வைத்தியர் பொய்யுரைக்கலாமா? சத்தூசியை வலிய மருந்தென்று கூறி ஏற்றும் வழக்கத்தைப் பலர் இரக்கத்தின் பெயரால் நியாயப்படுத்துவர். ஆனால் அப்பொய் வெளிப்படும் நாளில் நோவு மட்டுமன்றி நம்பிக்கையும் கெடும். பொய் இன்றியமையாததும் அன்று. 2016 இல் வெளியான லிஸ்பன் ஆய்வொன்றில், நெடுநாள் நாரி நோவுடையோர்க்கு 'இது மருந்துப்போலி' எனத் தெளிவாகச் சொல்லியே மூன்று வாரம் குளிசை கொடுக்கப்பட்டது. வழமையான சிகிச்சை மட்டும் பெற்றோரினும் அவர்களின் நோவு கூடுதலாகத் தணிந்தது. ஆய்வு சிறியது, காலமும் குறுகியது. எனினும் உண்மையும் ஆறுதலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அது உணர்த்துகின்றது.

நோவை அளக்கும் கருவி நோவுற்றவரின் சொல்லே. அச்சொல்லை ஐயுறுவோர், உடலில் இயல்பாக அமைந்த மருந்தொன்றின் வாயிலை அடைத்துவிடுகின்றனர். வைத்தியராகவும் ஆசிரியராகவும் ஊர் திரும்பவிருக்கும் இளைஞர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். நூலினாலோ குளிசையினாலோ நோவு குறைந்தது என ஒரு தாய் கூறுமிடத்து, அவரை விசாரணைக்கு உட்படுத்த வேண்டுவதில்லை. "நல்லது உம்மா, இன்னும் எங்க நோகுது?" என அருகிலிருந்து கேட்டல் போதும், அவர் சொல்லி முடிக்கும்வரை எழுந்து செல்லாதிருத்தலும் வேண்டும்.